தெருவுக்கு மார்க் போட்டவர்

சர்வேயர் ஒரு வீட்டை நம்ப வேண்டுமென்றால், அந்த வீடே இரண்டு சாட்சிகளைக் கூட்டிக்கொண்டு வந்து அவர் எதிரில் நின்று சத்தியம் செய்ய வேண்டும். அப்போதும், "சாட்சிகள் உனக்கு என்ன உறவு?" என்று கேட்பார். நிலம் அளக்கிற சர்வேயர் அல்ல அவர். இன்சூரன்ஸ் கம்பெனியில் முப்பத்துநான்கு வருடம் திருட்டுப் போன வீடுகளுக்குப் போய், என்ன போயிற்று, எப்படிப் போயிற்று, உண்மையிலேயே போயிற்றா என்று பார்த்து எழுதியவர். உடைந்த பூட்டைக் கையில் கொடுத்தால் போதும், உடைத்தவன் வலக்கையனா இடக்கையனா, அன்றைக்குச் சாப்பிட்டுவிட்டு வந்தானா வெறும் வயிற்றோடு வந்தானா என்பதுவரை சொல்லிவிடுவார். பாதி நிஜமாகவும் இருக்கும்.

வேலையிலிருந்து ஓய்வு பெற்ற அன்று ஒரு மாலையும் ஒரு சுவர்க்கடிகாரமும் மொத்தமாக ஒரு தொகையும் கொடுத்து அனுப்பினார்கள். மாலை மறுநாளே வாடியது. கடிகாரம் ஒரு வாரம் ஓடியது. மிச்சமிருந்தது அந்தத் தொகை. அதை ஒரு வீட்டில் போட்டு, வாடகைக்கு விட்டு, மாதாமாதம் வருவதில் காலத்தை ஓட்டிவிட வேண்டும். போட்ட இடம் சரியில்லாமல் போய், குடியிருப்பவர்கள் பயந்து ஓடி, வீடு பூட்டிக் கிடந்தால் அவருக்கு வேறு வழியே இல்லை. மகன் வீட்டுக்குப் போய்விட வேண்டியதுதான்.

மகன் வேறு ஊரில் இருந்தான். நல்ல பிள்ளை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் போன் செய்து ஒன்பது நிமிடம் பேசுவான். பத்தாவது நிமிடத்தை அவர் பார்த்ததில்லை.

"எதுக்குப்பா இவ்வளவு யோசனை? பேசாம இங்க வந்துடுங்க. பின்பக்க ரூம்ல ட்ரெட்மில்ல கொஞ்சம் தள்ளிப் போட்டா ஒரு கட்டில் போட்டுக்கலாம்."

"அதை நகர்த்த நாலு ஆள் வேணும்டா."

"மடக்கி வெச்சுக்கலாம்ப்பா."

"என்னையா, அதையா?"

மகன் சிரித்தான். சர்வேயரும் சிரித்தார். அந்த அறையை அவர் பார்த்திருக்கிறார். யாரும் ஓடாத ட்ரெட்மில்லும், ஒன்றின் மேல் ஒன்றாக ஆறு பெட்டிகளும் இருந்தன. ஏழாவது பெட்டியாகப் போய்ச் சேருவதற்கு அவருக்கு மனம் வரவில்லை.

தரகர் காட்டிய பதினேழாவது வீடு அது. இரண்டாவது மாடி, இரண்டு அறை, கிழக்குப் பார்த்த ஜன்னல், ஏற்கெனவே ஒருவர் ஒழுங்காக வாடகை கொடுத்துக் குடியிருக்கிறார். விலை மட்டும், அடுத்த பேட்டையில் இதே அளவு வீட்டுக்குச் சொல்வதில் மூன்றில் இரண்டு பங்கு.

"சார், இந்த விலைக்கு ஒரு கோழிக்கூண்டு கூடக் கிடைக்காது" என்றார் தரகர். அவர் பூசியிருந்த சென்ட்டின் மணம் அவருக்கு முன்னால் மாடியேறிப் போய் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்துவிட்டு வரும் போலிருந்தது.

"அதைத்தான் கேக்குறேன். இது ஏன் கிடைக்குது?"

தரகர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "தெரு கொஞ்சம் பேர் எடுத்த தெரு சார்."

"என்ன பேர்?"

"மூணு வருஷத்துக்கு முன்னால ஒரு நகைக்கடைல கொள்ளை. பேப்பர்ல எல்லாம் போட்டாங்க. ஆனா அது பக்கத்துத் தெரு சார்! திருடன் தப்பிச்சு ஓடினதுதான் இந்தத் தெரு வழியா."

"அப்ப அவனுக்கு இந்தத் தெரு நல்லாத் தெரிஞ்சிருக்கு."

"உயிருக்கு ஓடுறவன் தெரு பார்த்தா சார் ஓடுவான்? வாங்க, மேல போய் வீட்டைப் பாக்கலாம்."

"வீடு எங்கயும் போகாது. முதல்ல தெருவைப் பாக்கணும்."

"இப்பதானே சார் பாத்தீங்க!"

"நடந்து பாத்தேன். இன்னும் உக்காந்து பாக்கலை."

தரகர் வாழ்க்கையில் எத்தனையோ வகை ஆட்களைப் பார்த்தவர். வாஸ்து பார்ப்பவர்கள், தண்ணீரை ருசி பார்ப்பவர்கள், சுவரில் காதை வைத்து அடுத்த வீட்டுச் சண்டையைக் கேட்பவர்கள். தெருவை உட்கார்ந்து பார்க்கிற ஆளை அன்றுதான் பார்த்தார்.

சர்வேயர் முதலில் போனது காவல் நிலையத்துக்கு. அங்கே புகார்ப் பதிவேட்டை வைத்திருந்த ரைட்டருக்குத் தீராத ஜலதோஷம். ஒரு வாக்கியத்துக்கு இரண்டு தும்மல் போடுவார். சர்வேயர் தன் பழைய கம்பெனி அடையாள அட்டையைக் காட்டி விஷயத்தைச் சொன்னதும், அவர் சலித்துக்கொள்ளாமல் ஒரு வருடப் பக்கங்களைப் புரட்டிச் சொன்னார். அந்தத் தெருவிலிருந்து பதினோரு புகார். மூன்று சைக்கிள், இரண்டு செல்போன், ஒரு காஸ் சிலிண்டர், ஒரு பூட்டு உடைப்பு. மிச்சம் நான்கும் குடும்பச் சண்டை.

"குடும்பச் சண்டையை நான் சேர்க்கிறதில்லை" என்றார் சர்வேயர். "அது எல்லாத் தெருவுக்கும் பொது."

"எங்க வீட்டுக்கும்" என்று சொல்லி ரைட்டர் தும்மினார்.

இருநூறு கதவுள்ள தெருவில் வருடத்துக்கு ஏழு என்றால் அது துறவிகள் குடியிருக்கிற தெரு. ஆனால் பதிவேடு எழுத வந்தவர்களைத்தான் சொல்லும், எழுதாமல் விட்டவர்களைச் சொல்லாது என்பது சர்வேயருக்குத் தெரியும். அவருக்கென்று ஒரு முறை உண்டு. இருட்டிய பிறகும் துணி கொடியில் கிடக்கிறதா? அதற்கு ஐந்து மார்க். வாசலில் குழந்தையின் மூன்று சக்கர சைக்கிள் கட்டாமல் நிற்கிறதா? அதற்குப் பத்து. காதில் பாட்டு மாட்டிக்கொண்டு பெண்கள் நிதானமாக நடக்கிறார்களா, கைப்பையை எந்தப் பக்கத் தோளில் போட்டிருக்கிறார்கள், கடைக்காரர் ஒன்றுக்குப் போகும்போது ஷட்டரை முழுதும் இறக்குகிறாரா பாதியா, உடைந்த ஜன்னல் கண்ணாடியை எத்தனை நாளில் மாற்றுகிறார்கள் என்று எல்லாவற்றுக்கும் மார்க். ஒரு கதவுக்கு எத்தனை பூட்டு என்பதற்குக் கழித்தல் மார்க். அந்தத் தெருவில் ஒரு கதவில் ஏழு பூட்டு இருந்தது. அந்த வீட்டு அம்மாள் பால் வாங்க வெளியே வந்து திரும்ப உள்ளே போவதற்குள் பால் தயிராகிவிடும். மொத்தம் நூறு. எழுபத்தைந்து எடுத்தால் தெரு பாஸ்.

மார்க் போட உட்கார ஓர் இடம் வேண்டுமே. வீட்டுக்கு நேரெதிரில் ஒரு சலவைக் கடை. கடை வாசலில் வாடிக்கையாளர்களுக்காக ஒரு பெஞ்ச். வாடிக்கையாளராகிவிட்டால் உட்காரலாம். முதல் நாள் இரண்டு சட்டை கொண்டுபோனார். ஒரு மணி நேரத்தில் தேய்த்துக் கொடுத்துவிட்டார் சலவைக்காரர். அந்த வேகம் சர்வேயருக்குப் பிடிக்கவில்லை. மறுநாளிலிருந்து ஒரு நாளைக்கு ஓர் உருப்படி என்று வைத்துக்கொண்டார். காலை பத்து மணிக்கு பஸ்ஸில் வந்து இறங்குவார், சட்டையைக் கொடுப்பார், உட்காருவார். மதியம் டப்பாவைத் திறந்து சாப்பிடுவார். விளக்கு வைக்கிற நேரத்துக்குச் சட்டையை வாங்கிக்கொண்டு பஸ் ஏறுவார்.

சட்டைகள் இரண்டு வாரத்தில் தீர்ந்தன. அப்புறம் பேன்ட். அப்புறம் வேட்டி, துண்டு, போர்வை, படுக்கை விரிப்பு. கைக்குட்டைகள் ஒரு வாரம் தாக்குப்பிடித்தன. ஐந்தாவது வாரம் ஜன்னல் திரைகளைக் கழற்றினார்.

"என்ன சார், இன்னிக்கு ஒத்தைத் தலையணை உறையா?" என்பார் சலவைக்காரர். "இதோட ஜோடி எங்க?"

"நாளைக்கு வரும்."

"ரெண்டும் ஒண்ணா வந்தா சண்டை போட்டுக்குமோ?"

"நீங்க பெட்டியைப் பாருங்க. புகையுது."

அந்த ஒரு பேச்சை பஸ்ஸில் திரும்பும்போது மூன்று தடவை நினைத்துப் பார்த்து மூன்று தடவையும் சிரிப்பார். பக்கத்து சீட்டுக்காரர் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்துகொள்வார்.

சர்வேயரின் வீட்டுச் சங்கதி வேறு. அவர் இருந்தது அமைதியான, பத்திரமான குடியிருப்பு. பத்து வருடத்தில் ஒரு குண்டூசி திருடு போனதில்லை. மனைவி இருந்தவரை அவள் குரலே நாற்பது வீட்டுக்குப் போதுமானதாக இருந்தது. அவள் போய் நான்கு வருடமாகிறது. இப்போது சாவியைத் துவாரத்தில் நுழைக்கிற சத்தம் மூன்றாவது மாடிவரை கேட்கும். கதவைத் திறந்ததும் வீடு அவரைப் பார்த்து, "நீதானா?" என்று கேட்டுவிட்டு மறுபடி தூங்கப் போய்விடும். எதிர் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரியாது. பார்சல் வந்தால் கதவு ஒரு கையளவு திறக்கும். அந்தக் கை ஆணுடையதா பெண்ணுடையதா என்பதில் இரண்டு வருடமாக அவருக்குச் சந்தேகம்.

நான்காவது வாரமே தெரு எழுபத்தைந்து மார்க் எடுத்துவிட்டது. சர்வேயர் நோட்டை மூடிவிட்டுக் கொஞ்ச நேரம் யோசித்தார். பிறகு மறுபடி திறந்து, பாஸ் மார்க்கை எண்பதாக்கினார். மூச்சு வாங்காமல் ஓடிவந்த பிள்ளையிடம் இன்னும் ஒரு சுற்று என்று சொல்கிற வாத்தியார் போல. ஆறாவது வாரம் எண்பதும் வந்துவிட்டது.

தரகர் போனில் கத்தினார். "சார், ஓனர் என்னைப் பிச்சு எடுக்கிறார்! இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்கு. வெள்ளிக்கிழமைக்குள்ள சொல்லுங்க. ஒரு தெருவுக்கு எத்தனை பரீட்சை சார் வைப்பீங்க?"

"கடைசியா ஒரு தடவை பதிவேட்டைப் பாத்துட்டுச் சொல்றேன்."

செவ்வாய்க்கிழமை காவல் நிலையம் போனார். ரைட்டர் பக்கங்களைப் புரட்டினார். விரல் ஓரிடத்தில் நின்றது, அடுத்த இடத்தில் நின்றது, நின்றுகொண்டே போனது.

"இந்த ஆறு வாரத்துல ஒன்பது சார்."

"ஒன்பதா?"

"ஒன்பது. திடீர்னு ஏறியிருக்கே" என்று ரைட்டரே ஆச்சரியப்பட்டுத் தும்மினார்.

சர்வேயர் நோட்டை எடுத்துப் பழைய கணக்கைப் பார்த்தார். வருடம் முழுதும் பதினொன்று, ஆறு வாரத்தில் ஒன்பது! ஏதோ ஒரு கும்பல் தெருவுக்குள் புகுந்திருக்கிறது. அவர் அங்கேயே, பெஞ்சிலேயே, கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தும் அது அவர் கண்ணில் படவில்லை! முப்பத்துநான்கு வருட அனுபவம் வெறும் குப்பை என்று அப்போது தோன்றியது. வெளியே வந்ததும் தரகருக்குப் போன் செய்து வேண்டாம் என்று சொல்லிவிட்டார். தரகர் என்ன பதில் சொன்னார் என்பதை இங்கே எழுத முடியாது.

இரண்டு நாள் வீட்டைவிட்டு அவர் நகரவில்லை. திரையில்லாத ஜன்னல் வழியாக வெயில் வந்து அறை முழுதும் நடமாடிவிட்டுப் போயிற்று. மகனுக்கு அவரே போன் செய்தார். ஞாயிற்றுக்கிழமை இல்லை என்பதால் மகன் பதறிவிட்டான்.

"என்னாச்சுப்பா? உடம்பு சரியில்லையா?"

"ஒண்ணுமில்ல. அந்த ட்ரெட்மில்லு எவ்வளவு நீளம்?"

 மகன், "அளந்து சொல்றேன்ப்பா" என்றான். வாங்க என்றுதான் அவன் எப்போதும் சொல்வான். இன்றைக்கு அளந்து சொல்கிறானாம்.

வெள்ளிக்கிழமை காலையில் பல் தேய்த்துக்கொண்டிருக்கும்போது சர்வேயருக்குச் சுரீரென்றது. வெறும் எண்ணிக்கையை நம்பி அறிக்கை எழுதியவர்களை அவர் வாழ்நாள் முழுதும் திட்டியிருக்கிறார். ஒன்பது என்றால் என்ன ஒன்பது? சைக்கிளா, சிலிண்டரா? அதைக் கேட்காமலே ஓடி வந்திருக்கிறாரே! வாயை அரைகுறையாகக் கொப்பளித்துவிட்டு பஸ் பிடித்தார்.

"ஒவ்வொண்ணா படிங்க" என்றார் ரைட்டரிடம்.

ரைட்டர் மூக்கை உறிஞ்சிவிட்டு, தேதி பார்க்காமல் ஆள்வாரியாகப் பிரித்துப் படித்தார். முதலாவது, முட்டைக் கடைக்காரர் எழுதியது: இனம் தெரியாத ஒருவர் எங்கள் கட்டடத்து ஜன்னல்களை விரல்விட்டு எண்ணுகிறார். இரண்டாவது, ஒரு பள்ளி ஆசிரியை: ஒரு முதியவர் என் வீட்டுப் பூட்டைத் தொட்டுப் பார்த்து, நல்ல பூட்டு என்று பாராட்டினார், எனக்குப் பயமாக இருக்கிறது. மூன்றாவது, ஏழு பூட்டு அம்மாள்: எட்டாவது பூட்டு வாங்க வேண்டுமா என்று போலீஸ் ஆலோசனை சொல்ல வேண்டும்.

"ஏதோ நோட்டம் பாக்குற ஆளு சார்" என்றார் ரைட்டர். "பெரிய கைகாரனா இருப்பான் போல."

 சர்வேயரின் காது சூடாகிக்கொண்டே வந்தது.

நான்காவது தாங்க முடியாததாக இருந்தது. எழுதியவர் சலவைக்காரர். மேற்படி நபர் தினம் ஒரு துணி கொண்டுவருகிறார். சட்டை, போர்வை, தலையணை உறை, இப்போது ஜன்னல் திரை. ஒரு மனிதனிடம் இவ்வளவு துணி இருக்க நியாயமில்லை. எல்லாம் திருட்டுத் துணியோ என்று சந்தேகம். ஆனால் பழக நல்ல மனிதர்.

"அஞ்சாவது யாரு?" என்றார் சர்வேயர். 

"அஞ்சுலேர்ந்து எட்டு வரைக்கும் நாலும் ஒரே ஆள். சலவைக் கடைக்கு எதிர்ல ரெண்டாவது மாடில இருக்கிற அம்மா. ஆம்புலன்ஸ் ஓட்டுறாங்க. எழுதினதப் பாருங்க, ஆஸ்பத்திரிக்கு ரிப்போர்ட் குடுக்குற மாதிரி."

நிஜமாகவே அப்படித்தான் இருந்தது. ஆண். வயது அறுபதுக்கு மேல், எழுபதுக்குள். சுயநினைவோடு இருக்கிறார். மூச்சுச் சீராக இருக்கிறது. எழும்போது இடது முழங்காலைப் பிடித்துக்கொள்கிறார். இரண்டாவது வார அறிக்கை: சாம்பல் நிற ஸ்வெட்டர், மேலிருந்து மூன்றாவது பொத்தான் இல்லை. சாப்பாட்டில் பாதியை மூடிவிடுகிறார். நான்காம் வாரம்: கொஞ்சம் இளைத்திருக்கிறார்.

ஐந்தாம் வாரத்து அறிக்கையை ரைட்டர் நிதானமாகப் படித்தார்.

பெஞ்சில் பக்கத்தில் ஓர் ஆள் இடம் விட்டு உட்காருகிறார். அந்த இடத்தில் யாராவது உட்கார வந்தால் எழுந்துகொள்கிறார். காலியாக இருக்கும்போது அந்தப் பக்கம் திரும்பி ஏதோ கேட்கிறார். பதிலுக்குக் காத்திருக்கிறார். பிறகு தலையாட்டுகிறார். கூட்டாளிகள் யாரும் இருப்பதாகத் தெரியவில்லை.

"கூட்டாளி இல்லன்னு போட்டிருக்காங்களா, அதனால நாங்க பெரிசா எடுத்துக்கலை சார்" என்றபடி ரைட்டர் தலை நிமிர்ந்தார். எதிரில் சாம்பல் நிற ஸ்வெட்டர். மேலிருந்து மூன்றாவது பொத்தான் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு நூல்.

ரைட்டருக்கு வந்துகொண்டிருந்த தும்மல் பாதியில் நின்றுவிட்டது.

"ஒன்பதாவதைப் படிக்கட்டுமா சார்?" என்று மெதுவாகக் கேட்டார்.

"வேண்டாம்" என்றார் சர்வேயர்.

இடம் விட்டு உட்கார்வது அவருக்கே தெரியாது. என்ன கேட்டிருப்பார் என்பதும் தெரியவில்லை. வீடு பார்க்கும்போதெல்லாம் மனைவிதான் கடைசியில் சரி என்றோ வேண்டாம் என்றோ சொல்லுவாள். அதைத்தான் கேட்டிருக்க வேண்டும். தலையாட்டினார் என்றால் அவள் சரி என்று சொல்லியிருக்கிறாள்.

தரகருக்குப் போன் செய்தார். தரகர் முதலில் நம்பவில்லை, பிறகு அழாத குறையாக, "இப்பவே வாங்க சார், மனசு மாறுறதுக்குள்ள!" என்றார். நல்லவேளையாக இன்னொரு பார்ட்டி என்பதே தரகரின் கற்பனை.

இரண்டாவது மாடியில் மணியடித்ததும் கதவைத் திறந்த அம்மாள் சீருடையில் இருந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும். சர்வேயரைப் பார்த்தார். கை தானாக போனை எடுக்கப் போயிற்று.

"பயப்படாதீங்கம்மா, சார்தான் இந்த வீட்டை வாங்கப் போறவர்" என்றார் தரகர்.

அந்த அம்மாள் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "திருடன்னா போலீஸ்ல சொல்லலாம். வீட்டு ஓனர்னா யார்கிட்ட போய்ச் சொல்றது?"

சர்வேயர் சிரித்துவிட்டார். அந்த அம்மாள் சிரிக்கவில்லை. "என்னைக் காலி பண்ணச் சொல்வீங்களா? அதை முதல்ல சொல்லிடுங்க சார். பதினோரு வருஷமா இங்க இருக்கேன்."

"யார் சொன்னா? நீங்க இருக்கிறதாலதான் வாங்குறேன்."

"அப்ப உள்ள வாங்க."

மேஜை மேல் ஒரு டம்ளர், நாற்காலி ஒன்று, கொடியில் ஒருவருக்கான துணி. சர்வேயர் வீட்டைச் சுற்றிப் பார்க்கவே இல்லை. ஜன்னலுக்குப் போனார். அங்கிருந்து பெஞ்ச் தெளிவாகத் தெரிந்தது. காலியாக இருந்தது.

"ஏம்மா, மூச்சு சீரா இருக்குன்னு எழுதியிருக்கீங்களே, இங்கேர்ந்து எப்படித் தெரிஞ்சுது?"

"தோள் ஏறி இறங்குறத எண்ணுவேன். பழக்கம் சார்."

"எவ்வளவு இருந்துச்சு?"

"நிமிஷத்துக்குப் பதினாறு."

"அது நல்லதா?"

"ரொம்ப நல்லது. சாப்பாடுதான் பத்தல."

சர்வேயர் வாடகை ஒப்பந்தத்தை எடுத்து மேஜையில் வைத்தார். ஆறு வாரத்துக்கு முன்பே தயார் செய்து வைத்திருந்தது. அந்த அம்மாள் வரி விடாமல் படித்தார். ஓரிடத்தில் விரலை வைத்தார். "வீட்டு உரிமையாளர் வாரம் ஒருமுறை நேரில் வந்து பார்வையிடுவார். இது என்ன சார்?"

"சும்மா, வீடு எப்படி இருக்குன்னு..."

"நான் டியூட்டி முடிஞ்சு வந்து பகல்ல தூங்குறவ. ஆறு வாரமா நீங்க கீழ உக்காந்திருந்தீங்க, நான் ஒழுங்கா ரெண்டு மணி நேரம் தூங்கலை. ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்தே தேஞ்சு போயிட்டேன்."

"மாசம் ஒரு தடவைன்னு போட்டுக்கலாமா?"

"எதுக்கு? குழாய் ஒழுகினா நானே வாஷர் மாத்திடுவேன். பல்பு போனா நானே போடுவேன். வாடகை பேங்குல போட்டுடுவேன். நீங்க நிம்மதியா வீட்ல இருக்கலாம் சார்."

நல்லெண்ணத்தோடுதான் சொன்னார். எந்த வீட்டுக்காரரும் கேட்டுக் கும்பிட வேண்டிய வார்த்தை. அந்த வரியை அப்படியே விடுங்கள் என்று சர்வேயர் சொல்லியிருக்கலாம். வாங்குகிறவர் அவர், சொன்னால் அந்த அம்மாள் ஒப்புக்கொண்டுதான் ஆக வேண்டும். அவர் அந்தக் கண்களுக்குக் கீழே இருந்த கருவளையத்தைப் பார்த்தார். பேனாவை எடுத்து அந்த வரியை இரண்டு கோடு போட்டு அடித்து, பக்கத்தில் தன் கையெழுத்தைப் போட்டார்.

அந்த மாதமே கிரயம் முடிந்தது. முதல் வாடகை முதல் தேதி காலை எட்டு மணிக்கு போனில் ஒரு மணிச் சத்தமாக வந்து சேர்ந்தது. மகனிடம் சொன்னார். "அப்பாடா! இனிமே ஒரு கவலையும் இல்லப்பா" என்றான் மகன். அந்த அப்பாடா கொஞ்சம் நீளமாக இருந்தது. சர்வேயர் அதை அளக்கவில்லை.

மறுவாரம் ஒரு சட்டையை எடுத்துக்கொண்டு சலவைக் கடைக்குப் போனார். எதிர் வீட்டை வாங்கியவர் அவர்தான் என்று அதற்குள் தெருவுக்கே தெரிந்திருந்தது. பார்த்ததும் சலவைக்காரர் பெட்டியை வைத்துவிட்டு எழுந்து நின்றார். துண்டால் பெஞ்சைத் தட்டினார். "வாங்க சார், உக்காருங்க சார். தெரியாம ஏதோ எழுதிட்டேன், மனசுல வெச்சுக்காதீங்க."

"அதெல்லாம் ஒண்ணுமில்ல. இன்னிக்கு ஒத்தைச் சட்டைதான்."

"குடுங்க சார், அஞ்சு நிமிஷம்."

ஐந்து நிமிடத்தில் கொடுத்துவிட்டார். அதுவரை வாயைத் திறக்கவில்லை. காசும் வாங்க மறுத்தார். முட்டைக் கடைக்காரர் எதிரில் வந்து வணக்கம் சொல்லிவிட்டு உடனே உள்ளே போய்விட்டார். ஆசிரியை ஒதுங்கி வழிவிட்டார். ஆறு வாரம் தெருவே அவரை அங்குலம் அங்குலமாகப் பார்த்தது. இப்போது மரியாதையாகத் தலையைக் குனிந்துகொண்டது. இரண்டாவது மாடி ஜன்னல் சாத்தியிருந்தது. அந்த அம்மாள் நன்றாகத் தூங்குகிறார் போலும். அதற்கப்புறம் அவர் அந்தப் பக்கம் போகவில்லை.

மூன்று மாதம் கழித்து ஒரு நாள் காலை, வேறு எங்கும் போவதற்கு இல்லாமல், காவல் நிலையத்துக்குப் போனார். ரைட்டர் நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"நம்ம தெரு எப்படி இருக்கு?"

ரைட்டர் புரட்டிப் பார்த்தார். "ஒண்ணு கூட இல்ல சார்."

"ஒண்ணு கூடவா?"

"நீங்க வர்றதில்லையே, அப்புறம் எப்படி இருக்கும்?"

சொல்லிவிட்டு ரைட்டர் சிரித்தார். பக்கத்து மேஜைக்காரர் சிரித்தார். வாசலில் நின்ற காவலர் விஷயம் புரியாமலே சிரித்தார். எல்லாரையும்விட சர்வேயர்தான் அதிக நேரம் சிரித்தார். மற்றவர்கள் நிறுத்தி வேலைக்குத் திரும்பிய பிறகும் கொஞ்சம் மிச்சமிருந்தது. அதையும் சிரித்து முடித்தார்.

"வேற ஏதாவது வேணுமா சார்?"

"புகாரோட நகல் தருவீங்களா?"

"எந்தப் புகார்?"

"அந்த டிரைவரம்மா அஞ்சாவது வாரம் எழுதினது."

ரைட்டர் தும்மவும் இல்லை, காரணம் கேட்கவும் இல்லை. ஒரு படிவத்தை எடுத்து நீட்டினார். பெயர், முகவரி, தேதி, புகார் எண். சர்வேயர் ஒவ்வொன்றாக, அழகான கையெழுத்தில் நிரப்பிக்கொண்டே வந்தார். கடைசிக் கட்டத்தில், விண்ணப்பதாரருக்கும் இந்தப் புகாருக்கும் உள்ள தொடர்பு என்று கேட்டிருந்தது. பாதிக்கப்பட்டவர், சாட்சி, உறவினர் என்று மூன்று சிறு சதுரங்கள் இருந்தன, ஏதாவது ஒன்றில் குறி போடச் சொல்லி.

அவர் மூன்றையும் பார்த்தார். எதிலும் குறி போடவில்லை. பக்கத்தில் இருந்த வெள்ளை இடத்தில், அது நான்தான் என்று எழுதிக் கொடுத்தார்.